வீட்டுக்கல்வியின் முதல் ஆண்டு: கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். சென்ற ஆண்டு ஜூன் மாதம், மதுரையில் நாங்கள் எங்கள் இரு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினோம். அப்போது பெரியவனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பை முடித்திருந்தான். சின்னவளுக்கு ஆறு வயது. அந்த நாட்களில் இங்கே நான் கேட்ட கேள்விகளுக்குப் பலர் பொறுமையாக விடையளித்தீர்கள். ஓராண்டு முடிந்ததும் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன் என்று அப்போது சொல்லியிருந்தேன். அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

பள்ளியை விட்டதற்குக் காரணம் கொள்கை எதுவும் அன்று. பெரியவன் தமிழ்ப் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவன். கோடை விடுமுறையில் ஒரு நாள் மருந்துக்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னபோது திணறினான். வீட்டுக்கு வந்து அவனுடைய பாடநூலையே நடுப்பக்கத்தில் திறந்து ஒரு சொல்லைக் காட்டினேன். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால்தான் அந்தச் சொல்லை அவனால் அடைய முடிந்தது. நான்கு ஆண்டுகளாக அவன் மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பள்ளியில் கேட்டோம். மதிப்பெண் நன்றாக இருக்கும்போது ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றார்கள்.

முதல் ஐந்து வாரங்கள் நான் நடத்தியதை வீட்டுக்கல்வி என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஒரு பள்ளியை நடத்தினேன், அதுவும் மோசமான பள்ளி. கூடத்தில் வெள்ளைப் பலகை, சுவரில் நாற்பது நிமிடம் வீதம் எட்டுப் பாடவேளைகள் கொண்ட அட்டவணை, கைப்பேசியில் மணி. என் மாமியாரை, பிள்ளைகளின் அப்பத்தாவை, மூன்றாம் நாளே இது சலிப்படைய வைத்துவிட்டது. "பள்ளிக்கூடத்திலாவது வாத்தியார் மாறுவார், இங்கே எட்டு பீரியடும் நீதானா?" என்று கேட்டார். ஜூலையில் மணியை நிறுத்தினேன். பலகை இப்போது பால் கணக்கு எழுதப் பயன்படுகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு ஓராண்டுக்கான இணையப் பாடத்தொகுப்பு ஒன்று. 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். பதினொரு நாட்கள் பயன்படுத்தினோம். காணொளிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை, பார்த்துக் கேட்டே எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிடுவான். அவனுடைய பழைய தந்திரத்துக்கு அந்தச் செயலி புதிய மேடை போட்டுக் கொடுத்தது.

உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம், இந்த வயதுப் பிள்ளைக்கு, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை என்பதை ஆகஸ்டு வாக்கில் கண்டுகொண்டேன். வருகைப்பதிவு, வரிசை, பலகையைப் பார்த்து எழுதுவது, மற்ற முப்பது பேரும் முடிக்கும் வரை காத்திருப்பது ஆகியவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அவ்வளவுதான். காலை ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு நீளும் பகல்தான் பெரிய கேள்வி. நான் வீட்டிலிருந்தபடி சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுப்பவள். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டிய நாட்கள் எனக்குத் தலைபோகிற நாட்கள். முதல் மூன்று மாதங்கள் அந்த நாட்களில் பிள்ளைகளையும் அதட்டினேன், வாடிக்கையாளர்களிடமும் எரிந்து விழுந்தேன். இப்போது அந்த நாட்களுக்கு வெளிப்படையாகவே விடுமுறை விட்டுவிட்டோம். அப்பத்தாவும் அவர்களும் சமையலறையை ஆண்டுகொள்கிறார்கள்.

இனி, கைகொடுத்தவை. பெரியவனுக்கு வாசிப்பு எங்கே தடைப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அ முதல் ன் வரை எழுத்துகளின் பெயரெல்லாம் அவனுக்குத் தெரியும். கா, கி, கீ வரை தடையின்றிப் படிப்பான். கெ, கே, கை, கொ, கோ வந்தால் நின்றுவிடுவான். கண் முதலில் காண்பது கொம்பை. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' என்ற மெய்யை. கொ, கோ என்றால் குறியீடு எழுத்துக்கு இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது பெரிய முடிச்சு. நாம் பழகிப்போனதால் நமக்கு அது தெரிவதில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சன்னல் வெட்டி, நடுவில் மெய்யை மாற்றும் ஒரு பட்டையும், அதன் இருபுறமும் குறியீடுகளை நகர்த்தும் பட்டைகளும் செருகினேன். பட்டையை அவனே இழுத்து, முதலில் மெய்யைச் சொல்லி, பிறகு உயிரைச் சேர்த்துச் சொல்லுவான். ஆறு வாரங்களில் அட்டை கிழிந்தது. அதற்குள் முடிச்சும் அவிழ்ந்தது.

அதோடு ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள். பிரதம் புக்ஸ் நடத்தும் அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டு, அச்சிட்டுக்கொள்ளும் உரிமையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கதையை இரண்டு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது என் விதி. மூன்றாம் முறை அவன் படிக்க மாட்டான், ஒப்பிப்பான். டிசம்பரில் அப்பத்தா வைத்திருந்த பழைய கதைப் புத்தகம் ஒன்றைத் தானாக எடுத்தான். அதில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் லை, னை, றா, னா எல்லாம் அச்சாகியிருந்தன. மறுபடியும் எழுத்து மறந்துபோய்விட்டது என்று பயந்து அழுதுவிட்டான். அரசாங்கம் எழுத்தை மாற்றியது என்று அப்பத்தா சொன்னதும், அப்படியெல்லாம் எழுத்தை மாற்றலாமா என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் கேள்விதான் எங்களைக் கீழடிக்கு அழைத்துச் சென்றது. 2023இல் திறக்கப்பட்ட அங்குள்ள அருங்காட்சியகத்தில், தமிழ்-பிராமியில் 'ஆதன்' என்று கீறிய பானை ஓட்டைக் கண்டதும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் ஒருவன் தன் பொருளில் தன் பெயரை எழுதி வைத்தான் என்பது அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தமிழ்-பிராமி எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, தங்கைக்கு இரகசியக் கடிதம் எழுதத் தொடங்கினான். அவளுக்கு இன்றைய எழுத்தே பாதிதான் தெரியும். இருந்தாலும் இரகசியம் என்பதால் கற்றுக்கொண்டாள்.

கணக்குக்கு எங்கள் வீட்டில் முதன்மைக் கருவி பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஆட்டம் எப்படிப் போனாலும் மொத்தம் எழுபதுதான் இருக்க வேண்டும் என்பதைச் சின்னவள் தானே கண்டுபிடித்தாள். அன்று கூட்டிப் பார்த்தால் அறுபத்தெட்டுதான் இருந்தது. மீதி இரண்டு அண்ணனின் மடியில் இருந்தன. வகுத்தலும் மீதியும் அவர்களுக்கு அந்த விளையாட்டிலிருந்துதான் வந்தன. அறிவியலுக்கு, எளிய பொருட்களில் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் இணையதளம். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் கொண்டு முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சாய்கிறது என்று காட்டும் பொம்மை ஒன்றே ஒரு மாதம் ஓடியது. நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு வாரம் ஒரு நாள் செல்கிறோம்.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் நூல்களை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். அவற்றைப் பாடமாக நடத்துவதில்லை. பருவ முடிவில் பயிற்சிப் பக்கங்களை மட்டும் கொடுத்து, எது விட்டுப்போயிற்று என்று பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு நோட்டு. நாள்தோறும் இரவில் ஐந்து வரி: என்ன படித்தார்கள், என்ன கேட்டார்கள், எங்கே திணறினார்கள். எழுதாமல் விட்ட செப்டம்பர் மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்த மாதப் புகைப்படங்களைப் பார்த்தால் நடந்திருக்கிறது.

பூட்டூர்க்காரி எழுதியது:

அக்கா, திண்டுக்கல்லிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. அவனும் கொ, கோ வந்தால் நிற்பவன்தான். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகே அதற்கு ஒரு காரணம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். இரண்டு கேள்விகள். பள்ளியிலிருந்து நிறுத்தும்போது எந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன வழி? என் கணவர் இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார்.

சுண்ணக்கட்டி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் பதிவிலுள்ள உழைப்பை மதிக்கிறேன்; கொம்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது என் வகுப்பறை அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின், மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்க வைக்க வேண்டும் என்ற இலக்கோடு நாங்களும் அட்டைகளோடுதான் மல்லுக்கட்டுகிறோம். அந்தப் பயிற்சி நூல்களும் இணையத்தில் கிடைக்கின்றன, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளியிலிருந்து நின்ற பிள்ளையின் பெயர், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக அலைபவர்கள் நாங்கள்தான். செங்கல் சூளையிலும் கடைகளிலும் வேலைக்குப் போன பிள்ளைகளை அப்படித்தான் மீட்கிறோம். உங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கும் அதே பட்டியலோடு வந்து நின்றால், தயவுசெய்து சண்டைக்கு வந்ததாக எண்ணாதீர்கள். உங்கள் நோட்டைக் காட்டுங்கள். எங்கள் வேலை எளிதாகும்.

மற்றொன்று, உங்கள் பதிவில் அப்பத்தா இருக்கிறார், வீட்டிலிருந்து செய்யும் தொழில் இருக்கிறது, 18,000 ரூபாயை இழந்தும் தாங்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகளின் தந்தை மட்டும் எங்கும் காணப்படவில்லை. வீட்டுக்கல்வி என்ற பெயரில் ஒரு தாயின் முழு நாளும் கணக்கில் வராமல் போகிறது என்பதே என் எண்ணம். அத்துடன், தன் சாதி, தன் தெரு, தன் வீட்டு வசதி ஆகியவற்றைத் தாண்டிய பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பை எந்த நூலகமும் கொடுக்காது.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, தந்தையைப் பற்றிய உங்கள் வரியைப் படித்து வீட்டில் சிரிப்பும் எழுந்தது, சற்று மௌனமும் நிலவியது. அவர் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவார். ஜனவரியில் இதே சண்டை எங்களுக்குள் வந்தது. அப்போதிலிருந்து புதன்கிழமை காலை அவருடையது. அவர் பாடநூலைத் தொடுவதில்லை. பெரியவனைக் கடைக்கு அழைத்துச் சென்று சரக்கு இருப்பை எண்ண வைக்கிறார், பில்லில் தள்ளுபடி போட வைக்கிறார். சதவிகிதத்தை நான் மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை. கடையில் ஒரே காலையில் புரிந்துகொண்டான். ஆனால் மீதி ஆறு நாட்கள் என்னுடையவை என்பதை நான் மறுக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் விட்டுக்கொடுத்த வாடிக்கையாளர்களின் பட்டியலும் இருக்கிறது. மொத்தம் நான்கு கடைகள்.

பெஞ்சைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பெரியவன் மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான், ஞாயிற்றுக்கிழமை சிலம்பத்துக்குப் போகிறான் என்று வழக்கமாக எல்லோரும் சொல்வதை நானும் சொல்லலாம். தெரு எங்கள் தெருதான், சிலம்பத்துக்கு வருபவர்களும் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். இந்த ஓராண்டில் நாங்கள் கவனிக்காமல் விட்டது இதுவே.

ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் நவம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் பயந்தேன். ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேசினார், பெரியவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எப்போது வேண்டுமானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொங்குத்தந்தை எழுதியது:

திண்டுக்கல் சகோதரி கேட்டவற்றுக்கு நான் விடை சொல்கிறேன். கோவையில் என் மகளுக்கு இது நான்காவது ஆண்டு, வயது பதின்மூன்று.

நிறுத்தும்போது மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நாங்கள் ஏழு மாதம் அலைந்தோம்.

சட்டத்தைப் பற்றிக் கணவர் கேட்பார். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது; பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற சொல் அதில் இல்லை. அனுமதியும் இல்லை, பெயர் சொல்லித் தடையும் இல்லை என்ற இந்த இடைவெளியில்தான் நாம் அனைவரும் நிற்கிறோம். இதை மறைத்து, எல்லாம் சட்டப்படிதான் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, எப்போது திரும்பி வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பது தெரிந்த பிறகே என் மனைவி சம்மதித்தார்.

தேர்வுக்கு இரண்டு பாதைகள். முதலாவது, பேச்சில் நாம் என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்லும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு மொழியுடன் ஐந்து பாடங்கள்; ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்தாண்டுக்குள் பிரித்துப் பிரித்து எழுதி முடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. சிறு வயதினருக்கு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான ஏ, பி, சி என்ற அடிப்படைக் கல்வி நிலைகளும் உண்டு. இரண்டாவது, நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு; பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தொடர நினைப்பவர்களுக்கு இது பொருந்தும். என் மகள் அதைத்தான் எழுதினாள். ஹால் டிக்கெட்டில் தன் பெயரைப் பார்த்து அவள் அடைந்த மகிழ்ச்சி எனக்கே வியப்பாக இருந்தது. மூன்று ஆண்டுகளாகத் தேர்வே இல்லாத பிள்ளைக்குத் தேர்வு ஒரு திருவிழாவாகத் தோன்றியிருக்கிறது.

வைகைக்கரை அம்மையாரோடு ஒன்றில் மாறுபடுகிறேன். பாடநூலைப் பருவ முடிவில் மட்டும் எடுப்பது பத்து வயது வரை சரி. அதற்கு மேல் கணக்கில் மட்டுமாவது வரிசையாகப் போங்கள். நாங்கள் பின்னத்தை ஆர்வம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஆர்வம் வரவில்லை, இயற்கணிதம் வந்துவிட்டது. ஓராண்டு பின்னோக்கிப் போய்க் கற்க வேண்டியிருந்தது. அப்போது கான் அகாடமி இணையதளத்தின் பயிற்சிகளும் வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற செயலியும் கைகொடுத்தன, இரண்டும் இலவசம்.

உப்புக்காற்று எழுதியது:

தூத்துக்குடியிலிருந்து ஒரு சேர்க்கை. நீளும் பகலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பகலை நிரப்பியவை பறவைகள். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதையும் கேட்டதையும் எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். உப்பளத்தில் பூநாரைகளை ஐம்பது ஐம்பதாக மதிப்பிட்டு எண்ணக் கற்றபோதுதான் என் மகளுக்குத் தோராயம் என்றால் என்னவென்று புரிந்தது. இருநோக்கி இல்லாமலே தொடங்கலாம். காக்கையையும் மைனாவையும் எண்ண அது வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் மகனுக்குக் கொம்பை அவிழ்த்த பிறகும் வாசிப்பு வரவில்லை. ஓராண்டு காத்திருந்துவிட்டுத்தான் மருத்துவரிடம் போனோம். வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. சீக்கிரம் போயிருக்கலாம். பொறுமையாக இருங்கள் என்று வீட்டுக்கல்வியாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சொல் எங்களுக்கு ஓராண்டைத் தின்றது.

பூட்டூர்க்காரி எழுதியது:

கொங்குத்தந்தை ஐயாவின் பதிவை அப்படியே கணவருக்குப் படித்துக் காட்டினேன். சட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னதால்தான் கடைசி வரை கேட்டார். இந்த ஜூனில் நிறுத்தப் போவதில்லை. பள்ளியில் இருக்கும்போதே அட்டையைச் செய்து, காலை அரைமணி நேரம் அவனோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். தேறவில்லை என்றால் உப்புக்காற்று சொன்னதுபோல் மருத்துவரையும் பார்த்துவிடுகிறோம். அக்கா, அட்டையில் சன்னலை எவ்வளவு அகலம் வெட்டினீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, சன்னல் மூன்று விரல் அகலம் இருக்கட்டும். குறுகினால் கோ அடங்காது. எழுத்தைக் கறுப்பிலும் குறியீட்டைச் சிவப்பிலும் எழுதுங்கள். முதல் வாரம் க, ப, ம மூன்றும் போதும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன், அன்று மதியச் சாப்பாடு வரை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

சுண்ணக்கட்டி ஐயாவுக்கு ஒரு செய்தி. சின்னவள் மார்ச் மாதத்திலிருந்தே எதிர்வீட்டுப் பெண்ணின் சீருடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே கேட்டாள். அண்ணனுக்குப் பொருந்தியது அவளுக்கும் பொருந்தும் என்று நாங்கள்தான் இருவரையும் சேர்த்து நிறுத்தியிருந்தோம். அவளுக்குப் பள்ளியில் எந்தக் குறையும் இருந்ததில்லை என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். வரும் ஜூனில் எங்கள் பகுதியிலுள்ள அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்க்கிறோம். எமிஸ் எண்ணையும் மாற்றுச் சான்றிதழையும் கொண்டுபோனோம். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரியவன் இன்னும் ஓராண்டு வீட்டில் இருக்கிறேன் என்கிறான். பின்னங்களை வரிசையாக நடத்தப் போகிறேன், கொங்குத்தந்தை ஐயா.

அவனுக்கு இப்போது ஒரே கவலை, பல்லாங்குழியில் எதிர்ப்பக்கம் யார் ஆடுவது என்பது. நாலரை மணிக்கு வந்து ஆடுகிறேன், அதுவரை கொட்டைகளை எண்ணி மூடி வை என்று அவள் சொல்லிவிட்டாள்.